மூன்றில் இரண்டு பங்கு

1994 ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, பங்காரம்மா சூலூரிலிருந்து ஒண்டிப்புதூர் வரை தன் பியட் காரை இரண்டாவது கியரிலேயே ஓட்டிக்கொண்டு போனாள். போகும்போது அது அவளுக்குத் தெரியவில்லை. ஒண்டிப்புதூர் நெருங்கும்போது பானட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. ஓரமாக நிறுத்தினாள்.

எதிரே டீக்கடையில் நின்றிருந்த ஒருவர் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். பானட்டைத் திறந்துவிட்டு அவள் பக்கம் திரும்பி, "ஏனுங்கம்மா, வண்டி அந்தக் கத்துக் கத்துது, கியர மாத்தியிருக்கலாமில்லீங்க?" என்றார்.

அவர் உதடுகளைப் பார்த்து அதை அவள் புரிந்துகொண்டாள்.

"கியர் சிக்கிப்போச்சுங்க" என்றாள்.

கியர் சிக்கவில்லை. காது போயிருந்தது. அதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவளுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. சூலூரில் பன்னிரண்டு விசைத்தறிகள் அவளுடையவை. இருபத்தாறு வருடமாகக் காலை ஏழு முதல் மாலை ஆறு வரை அவற்றுக்கு நடுவே நின்றிருந்தாள். தறி ஓடும் கொட்டகைக்குள் எல்லோருமே செவிடர்தான். நூல் அறுந்தது, தறியில் ஏற்றிய பாவு முடிந்தது, சாப்பிடப் போகிறேன் என்று எல்லாவற்றுக்கும் அங்கே கை ஜாடை இருந்தது. மீதியை வாயசைவில் படித்துக்கொள்வார்கள். அதனால் அவளுக்குக் காது மங்கிக்கொண்டு வந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. இடது காது முழுதாகப் போய்விட்டது. வலது காதில் மின்சாரம் நின்று தறிகளெல்லாம் ஓய்ந்த பிறகும் தறி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெளிச்சத்தம் எதுவும் அதைத் தாண்டி உள்ளே வரவில்லை.

கார் 1972இல் வாங்கியது. கணவர் நரசிம்மலுவுக்குச் சிறு வயதிலிருந்தே பார்வை குறைவு. கண்ணாடி போட்டும் பத்தடிக்கு அப்பால் எருமையையும் லாரியையும் பிரித்தறிய மாட்டார். ஆகவே வாங்கிய நாளிலிருந்தே ஓட்டியது பங்காரம்மாதான். பாவு நூல் வாங்க, துணியைக் கோயமுத்தூரில் கொண்டுபோய்க் கொடுக்க, மகனைப் பள்ளியில் விட எல்லாம் அந்தக் கார்தான். நரசிம்மலு இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. எந்த வேகத்தில் எந்த கியர் என்று அவள் கற்றுக்கொண்டதே இல்லை. எஞ்சின் முனகினால் கீழே இறக்குவாள், கத்தினால் மேலே ஏற்றுவாள். இப்போது முனகலும் இல்லை, கத்தலும் இல்லை. வண்டி அதிர்வதைக் காலால் உணரலாமே என்றால், தறிமேடையில் நின்று நின்று பாதங்கள் மரத்துக் கிடந்தன.

கார் வெந்நீர் கக்கி நின்ற செய்தி அவளுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. கோயமுத்தூர் கணபதியில் ஒரு மோட்டார் பட்டறையில் என்ஜினியராக வேலை செய்த மகன் சீனிவாசலு, அன்று மாலை சாப்பிட உட்கார்ந்தபோது விஷயத்தை எடுத்தான். வீட்டில் பேசுவது பாதி தெலுங்கு, பாதி தமிழ். கோபம் வந்தால் மட்டும் அவன் முழுத் தமிழுக்கு மாறிவிடுவான்.

"வண்டிய வித்துப்போடலாம்மா. தொண்டாமுத்தூர்ல ஒருத்தர் கேக்கறாரு. ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்காரு."

"வண்டிக்கு என்ன கேடு வந்துது?"

"பழசாயிருச்சுங்கம்மா. வேற என்ன."

தட்டோடு எழுந்து கை கழுவப் போனான்.

மறுநாள் கொட்டகையில் ஐந்தாம் நம்பர் தறி மந்தமாக ஓடுவதுபோல் இருந்தது. பங்காரம்மா அலமாரியிலிருந்து கையில் பிடித்துச் சுற்று எண்ணும் டாக்கோமீட்டரை எடுத்துவந்து தண்டின் முனையில் அழுத்தினாள். நூற்றைம்பது இருக்க வேண்டிய இடத்தில் நூற்று முப்பத்தெட்டு. பெல்ட்டை இறுக்கச் சொல்லிக் கை காட்டிவிட்டு அப்படியே நின்றாள். தறி எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை அவள் காதால் கேட்டு அறியவில்லை, முள்ளைப் பார்த்து அறிகிறாள். கார் எஞ்சினும் சுற்றுவதுதானே.

வியாழக்கிழமை காலை கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்குப் போனாள். அங்கே உமர் பாரூக் என்பவர் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். பியட்டின் டைனமோவை இரண்டு முறை சரிசெய்து கொடுத்தவர்.

"பாய், எஞ்சின் எத்தன சுத்து சுத்துதுன்னு காட்டற மீட்டர் கார்ல வெக்க முடியுங்களா?"

பாரூக் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார். "ஆர்பிஎம் மீட்டருங்களா? ரேஸ் ஓட்டற பசங்க வெச்சுக்குவாங்க. உங்களுக்கு எதுக்குங்க்கா?"

"பெட்ரோல் ரொம்பக் குடிக்குது. பாத்து ஓட்டலாம்னுதான்."

அவர் அதை நம்பினாரா என்று தெரியவில்லை. உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் ஒருமணி நேரம் அலைந்து ஒரு மீட்டருடன் திரும்பினார். ஏதோ வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றியது. கறுப்பு முகம், வெள்ளை எண்கள், ஆறாயிரத்துக்கு மேல் ஒரு சிவப்புக் கோடு. கண்ணாடியின் ஓரத்தில் சின்னக் கீறல்.

டேஷ்போர்டுக்குக் கீழே இரும்புப் பட்டை வைத்து அதைப் பொருத்தினார். ஒரு ஒயரை பேட்டரிக்கு, ஒன்றை பாடிக்கு, மூன்றாவதை இக்னிஷன் காயிலுக்குக் கொண்டுபோனார். எஞ்சினைக் கிளப்பினார். முள் படுத்தே கிடந்தது.

"செத்த மீட்டருங்களா?"

"பொறுங்க்கா."

காயிலில் இரண்டு முனை உண்டு. பாரூக் ஒயரைக் கழற்றி டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து முனையில் மாட்டினார். முள் துள்ளி எழுந்து ஐயாயிரத்தில் நின்று, வலிப்பு வந்ததுபோல் உதறியது. அந்த ஒயரின் நடுவில் ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்தார். உதறல் நின்றது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முள் ஏறியது, விட்டால் இறங்கியது. பங்காரம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு எஞ்சின் அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

"எப்பங்க கியர் மாத்தோணும்?"

"மூவாயிரம் வந்தா மேல போங்க. ஆயிரத்தைந்நூறுக்குக் கீழ வந்தா எறக்குங்க. அவ்வளவுதானுங்க."

அவள் அந்த இரண்டு எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினாள். திருச்சி ரோட்டில் நெரிசல். ஊர்ந்து ஊர்ந்து வந்ததில் முள்ளை ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை. மறுநாள் காலை கொட்டகைக்குப் போகும் வழியில்தான் சொன்னபடி ஓட்டினாள். முதல் கியரில் மூவாயிரம் வரும்வரை காத்திருந்தாள். இரண்டாவதிலும் மூவாயிரத்துக்குக் காத்திருந்தாள். முள் இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டி மெதுவாகத்தான் ஏறியது.

கொட்டகையில் தறிகளைப் பழுதுபார்க்கும் பிட்டர் மாசாணம் சைக்கிளில் எதிரே வந்துகொண்டிருந்தார். அவர் சைக்கிளை அப்படியே மண்ணில் போட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். தறி கைமீறிப் போனால் கொட்டகையில் காட்டும் ஜாடை அது: நிறுத்து. அவள் நிறுத்தினாள்.

"அம்மா, வண்டி அலறுதுங்க. ரோட்டுக் கோடி வரைக்கும் கேட்டுதுங்க. எஞ்சின் வெடிச்சுப்போகுங்க."

அவள் மீட்டரைப் பார்த்தாள். சாவியை அணைக்கும் முன் அது மூவாயிரத்தைக்கூடத் தொட்டிருக்கவில்லை.

காது இல்லை என்று கண்ணை நம்பினாள். கண் பார்த்த முள் பொய் சொல்கிறது. மாசாணம் மட்டும் எதிரே வந்திருக்காவிட்டால் அந்தப் பொய்யை நம்பி எத்தனை நாள் ஓட்டியிருப்பாளோ.

அன்றே கொட்டகையின் கை டாக்கோமீட்டரை ஒரு துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி கோட்டைமேட்டுக்குப் போனாள். போகும்போது முள்ளைப் பார்க்கவே இல்லை. முப்பது கிலோமீட்டர் வேகத்தில், மூன்றாவது கியரில், பின்னால் வந்த எல்லா பஸ்ஸும் தன்னை முந்திப்போகும்படி விட்டுக்கொண்டு போனாள்.

"மீட்டர் தப்புங்க பாய்."

பாரூக் பானட்டைத் திறந்தார். "நீங்க உள்ள உக்காந்து லேசா மிதிங்க, நான் ஒயர்ல எங்கயாவது லீக் ஆகுதான்னு பாக்கறேன்."

அவள் உட்கார்ந்து மிதித்தாள். திறந்த பானட் கண்ணாடியை மறைத்திருந்தது. பாரூக்கின் முகம் தெரியவில்லை. அவள் முள்ளை ஆயிரத்தைந்நூறில் பிடித்துவைத்திருந்தாள்.

"போதுங்க்கா, விடுங்க" என்று மூன்று முறை சொன்னதாக அவர் பிற்பாடு சொன்னார். ஒயரின் ஒரு வளையம் தளர்ந்து எஞ்சினைக் குளிர்விக்கச் சுழலும் பேன் பக்கம் சரிந்திருக்கிறது. அதைப் பிடிக்கக் கை நீட்டியிருக்கிறார். பேன் ஒயரைச் சுருட்டி இழுத்தபோது அவருடைய வலது ஆள்காட்டி விரலையும் சேர்த்து அடித்தது.

முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்த பிறகுதான் பங்காரம்மா காலை எடுத்தாள். இறங்கி முன்னால் வந்தபோது பாரூக் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். அப்படி நின்றபடியே ஏதோ கேட்டிருக்க வேண்டும். பதில் வராமல் திரும்பிப் பார்த்தார். கையில் சுற்றியிருந்த பனியன் துணி சிவந்திருந்தது.

"இன்னொரு துணி கேட்டனுங்க்கா" என்றார்.

அவள் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்:

"பாய், எனக்குக் காது கேக்காதுங்க."

சொன்ன பிறகு அது தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. தன் குரலும் அவளுக்குச் சரியாகக் கேட்பதில்லை.

பாரூக் கைக்குட்டையை விரலில் இறுக்கிச் சுற்றினார். "எவ்வளவுங்க?"

"எடது சுத்தமா இல்லீங்க. வலதுல தறி ஓடறதுதான் கேக்குது. வேற ஒண்ணும் கேக்கறதில்ல."

"மொதல்லயே சொல்லியிருந்தா நான் பானட்டுக்குள்ள நின்னு கத்தியிருக்க மாட்டனில்லீங்க" என்றார் அவர். குரலில் கோபம் இருந்ததா என்று அவளால் அறிய முடியவில்லை. முகத்தில் இல்லை.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் விரலுக்கு மூன்று தையல் போட்டார்கள். பாரூக் வீட்டுக்குப் போகாமல் கடைக்கே திரும்பி வந்தார். பங்காரம்மா அவரை வீட்டுக்குப் போகச் சொன்னாள். அவர் கேட்கவில்லை.

"அடி வாங்குனது நானுங்க. அந்த மீட்டர் என்னதான் பண்ணுதுன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராதுங்க்கா."

அறுந்த ஒயரை மாற்றிக் கட்டிய பிறகு இடத்தை மாற்றிக்கொண்டார்கள். பாரூக் உள்ளே உட்கார்ந்தார். பங்காரம்மா முன்னால் நின்றாள். பானட்டை முழுதாகக் கழற்றி ஓரமாக வைக்கச் சொன்னாள். இப்போது ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்தது. கொட்டகை ஜாடைகளில் மூன்றைக் கற்றுக்கொடுத்தாள்: ஏற்று, இறக்கு, அப்படியே பிடி.

எஞ்சின் நின்றிருக்கும்போதே பையிலிருந்து ஒரு முழம் பாவு நூலை எடுத்து, எஞ்சினின் அடிப் புல்லியைச் சுற்றி இழுத்து, நகத்தால் அடையாளம் வைத்து, டேப்பில் அளந்தாள். நாற்பது சென்டிமீட்டர். பிறகு கை டாக்கோமீட்டரின் முனையில் சின்ன ரப்பர் சக்கரத்தை மாட்டினாள். தறியில் பெல்ட் ஓடும் வேகத்தைப் பார்க்க அது உதவும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பேனுக்கு எட்டாத பக்கமாக நின்று, சக்கரத்தைப் பெல்ட்டின் முதுகில் வைத்தாள்.

பெல்ட் நிமிடத்துக்கு அறுநூறு மீட்டர் ஓடியது. புல்லி ஒரு சுற்றுக்கு நாற்பது சென்டிமீட்டர் விழுங்கும். அப்படியானால் எஞ்சின் ஆயிரத்தைந்நூறு சுற்று. பாரூக் ஒரு விரலைக் காட்டினார்: மீட்டரில் ஆயிரம்.

ஏற்று என்றாள். பெல்ட் ஆயிரத்து இருநூறு மீட்டர். எஞ்சின் மூவாயிரம். மீட்டரில் இரண்டாயிரம்.

இறக்கு என்றாள். எஞ்சின் தொள்ளாயிரம். மீட்டரில் அறுநூறு.

நூல் கோன் சுற்றிவந்த காகிதத்தில் எழுதி அவரிடம் நீட்டினாள்.

"கெட்டுப்போன மீட்டர் இப்படி ஒழுங்கா பொய் சொல்லாதுங்க பாய். எப்பவுமே மூணுல ரெண்டு பங்குதான் காட்டுது. இது வேற ஏதோ கணக்குல சரியாத்தான் எண்ணுது."

பாரூக் காகிதத்தை வாங்கிப் படித்தார். பிறகு கட்டுப் போட்ட விரலாலேயே நெற்றியைத் தட்டப் போய், வலி தாங்காமல் கையை உதறிக்கொண்டார்.

"ஆறு சிலிண்டர் வண்டியோட மீட்டருங்க்கா இது. ஒரு சுத்துக்கு மூணு பொறி வரும்னு எண்ணுது. உங்குளுது நாலு சிலிண்டர். ரெண்டு பொறிதான் குடுக்குது. நான் அத யோசிக்கவே இல்ல பாருங்க."

மறுநாள் சனிக்கிழமை அந்த வேலை நடந்தது. பாரூக் மீட்டரைத் திறந்தார். முகத்துக்குப் பின்னால் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பலகையில் ஏழெட்டுச் சாமான்கள். முள் எவ்வளவு தூரம் ஏற வேண்டும் என்று தீர்மானிக்கும் ரெசிஸ்டரை அவர் கண்டுபிடித்தார். அதைப்போல் ஒன்றரை மடங்கு இருப்பதை அந்த இடத்தில் வைக்க வேண்டும். வலது கை உதவவில்லை. இடது கையால் பற்றவைக்கும் கோலைப் பிடித்தார். ஈயக் கம்பியைப் பங்காரம்மா பிடித்துக்கொண்டாள். இரண்டு முறை ஒட்டாமல் போனது, ஒரு முறை அவள் கட்டைவிரல் சுட்டது. நான்காவது ரெசிஸ்டரில் பெல்ட் கணக்கும் முள்ளும் ஒன்றாயின. தொள்ளாயிரம் என்றால் தொள்ளாயிரம். மூவாயிரம் என்றால் மூவாயிரம், ஒரு முடி அளவு குறைவு.

"இனி இது சொல்றத நம்பலாமுங்க" என்றார் பாரூக். அவள் முகத்துக்கு நேராக, மெதுவாகச் சொன்னார். இரண்டு நாளில் அந்தப் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தொண்டாமுத்தூர்க்காரர் வருவதாக இருந்தது. காலையில் பங்காரம்மா மகனிடம், "காரமடை வரைக்கும் போய்ட்டு வரலாம், ஏறு" என்றாள். அங்கே அவள் தங்கை வீடு. சீனிவாசலு டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த புதுச் சாமானைப் பார்த்துவிட்டு ஏறினான்.

கோயமுத்தூரைத் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு வரும்வரை முள் இரண்டாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் நடுவிலேயே இருந்தது. அவள் கை தயங்காமல் கியர் மாற்றியது. துடியலூருக்குப் பிறகு ஒரு மேட்டில் முள் சரியத் தொடங்கியதும் மூன்றாவதற்கு இறக்கினாள். வண்டி கெஞ்சாமல் ஏறியது. சீனிவாசலு முள்ளையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

பெரியநாயக்கன்பாளையத்துக்கு முன் ஒரு கல் லாரி பின்னால் ஒட்டிக்கொண்டு ஹாரன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவள் நடு ரோட்டை விடவில்லை. சீனிவாசலு அவள் தோளைத் தொட்டுப் பின்னால் கை காட்டினான். அவள் ஓரம் கட்டினாள். லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அவள் அப்படியே ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி எஞ்சினை அணைத்தாள்.

"ஓட்டறப்ப உன் வாயப் பாக்க முடியாது சீனு. அதுக்குத்தான் நிறுத்துனேன்" என்றாள். "எனக்குக் காது கேக்கறதில்ல கண்ணு."

"தெரியுங்கம்மா."

"எப்பத்திலிருந்து?"

"போன வருசம் தீபாவளிக்கு. வாசல்ல நான் சரம் வெடிச்சேன். நீங்க முதுகக் காட்டிட்டு நூல் பிரிச்சிட்டிருந்தீங்க. திரும்பிக்கூடப் பாக்கல."

"ஏன் கேக்கல?"

அவன் ரோட்டைப் பார்த்தான். பிறகு நினைவு வந்தவனாக அவள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கேட்டா நீங்க ஒத்துக்கோணும். வண்டிய வித்துட்டா, கேக்காமயே முடிஞ்சுபோயிரும்னு நெனச்சேன்."

பங்காரம்மாவுக்கு அதில் கோபம் வரவில்லை. தானும் பெட்ரோல் என்று சொல்லித்தான் மீட்டர் வாங்கினாள். பாரூக்கின் விரலில் மூன்று தையல் விழ வேண்டியிருந்தது. அதையும் மகனிடம் சொன்னாள். மூன்றில் இரண்டு பங்குக் கணக்கையும் சொன்னாள். அவன் என்ஜினியர். கணக்கு வந்ததும் அவன் முகம் மாறியது. பெல்ட்டில் சக்கரம் வைத்த இடத்தை இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டான்.

"சரிங்கம்மா, எஞ்சினுக்கு மீட்டர் இருக்கு. லாரிக்கு என்ன பண்ணுவீங்க?"

அவள் வலப்பக்கத்துச் சின்னக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"அதத்தான் யோசிக்கோணும்" என்றாள்.

தங்கை வீட்டில் சாப்பிட்டுவிட்டு இரண்டரைக்குக் கிளம்பினார்கள். திரும்பும்போதும் அவளே ஓட்டினாள். பின்பக்கத்தை அவன் பார்த்துக்கொண்டான், லாரி வந்தால் தோளைத் தொட்டான். தொண்டாமுத்தூர்க்காரர் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தார். சீனிவாசலு அவருக்குக் காபி கொடுத்து, வண்டியை இப்போது கொடுப்பதாக இல்லை என்று சொன்னான். அவருக்கு வருத்தம்தான். போகும்போது கார் கதவு வழியாகத் தலையை நீட்டி, மீட்டரைக் காட்டி, இந்தக் கடிகாரம் என்ன, மணி தப்பாக் காட்டுதே என்று கேட்டார்.

அடுத்த வாரம் வண்டி மறுபடி கோட்டைமேட்டுக்குப் போனது. பாரூக்கின் விரலில் தையல் பிரித்திருந்தார்கள். வலப்பக்கம் இருந்த சின்னக் கண்ணாடியை எடுத்துவிட்டு வேனில் வைக்கும் அகலக் கண்ணாடி ஒன்றை வைத்தார். இதுவரை எதுவும் இல்லாத இடப்பக்கத்திலும் அதேபோல் ஒன்று. காரின் பின்பக்கக் கண்ணாடியில், முந்திப்போக நினைப்பவர்கள் பார்க்க, வெள்ளைப் பெயிண்டில் நான்கு வார்த்தை எழுதும்படி சீனிவாசலு சொன்னான்: ஹாரன் கேட்காது, விளக்கு அடிக்கவும். பங்காரம்மா அதை ஒருமுறை படித்துப் பார்த்தாள். ஊருக்கே தெரியும்படி ஆகிவிட்டது. எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்றாள்.

இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை, மழையில் ஓட்டுவதில்லை என்று அவளே ஒரு வரையறை வைத்துக்கொண்டாள். நெரிசல் நாளில் மாசாணம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

கண்ணாடிகளைச் சரியான கோணத்தில் திருப்புவதற்காகச் சீனிவாசலு காருக்குப் பத்தடி பின்னால் போய் நின்றான். அவள் உள்ளே உட்கார்ந்து, பாரூக்கிடம் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை காட்டினாள். மகனின் தோள் தெரிந்தது, பிறகு கழுத்து, பிறகு முகம் முழுவதும். அவன் கண்ணாடியைப் பார்த்து ஏதோ சொன்னான். வாயசைவு தெளிவாகத் தெரிந்தது. சாப்பிட்டுட்டுப் போலாங்களா என்று கேட்கிறான்.

"போலாம்" என்றாள் பங்காரம்மா, திரும்பாமலே.